உதை ஒன்று, பெயர் பல

கால்பந்து நம் நாடு முழுவதும் ஆடப்படும் ஆட்டம். கொல்கத்தாவில் பெரிய அரங்கத்தில் ஆடுகிறார்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயலிலும் ஆடுகிறார்கள். கோவாவிலும் மணிப்பூரிலும் மிசோரத்திலும் சிறுவர் சிறுமியர் மாலை நேரத்தில் பந்தோடு ஓடுகிறார்கள். நம் ஊர்ப் பள்ளி மைதானத்திலும் ஆடுகிறார்கள்.

இந்த ஊர்களில் பேசும் மொழி வேறு வேறு. ஆனால் களத்தில் கேட்கும் சில சொற்கள் ஒன்றுதான். "பாஸ்!", "ஷூட்!", "கார்னர்!", "பெனால்டி!" என்ற குரல்கள் எல்லா ஊரிலும் எழுகின்றன.

இவை ஆங்கிலச் சொற்கள். கால்பந்துக்கான பொது விதிகள் 1863-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்டன. பிறகு ஆங்கிலேயப் படைவீரர்களோடு ஆட்டம் இந்தியாவுக்கு வந்தது. 1888-இல் சிம்லாவில் டூரண்ட் கோப்பைப் போட்டி தொடங்கியது. ஆட்டம் வந்தபோது அதன் சொற்களும் வந்தன. ஆங்கிலேயர் போய்விட்டார்கள். சொற்கள் நம்மிடம் தங்கிவிட்டன.

இந்தச் சொற்களை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கிராமத்திலிருந்து ஒரு பெண் மாவட்ட அணித் தேர்வுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடுகிறாள். நன்றாக உதைக்கிறாள். பயிற்சியாளர் "இன்சைடில் பாஸ் கொடு" என்கிறார். அவளுக்குப் புரியவில்லை. ஒரு கணம் நிற்கிறாள். அதற்குள் பந்து போய்விட்டது. "இவளுக்கு ஆடத் தெரியவில்லை" என்று முடிவாகிவிடலாம். உண்மையில் அவளுக்கு ஆடத் தெரியும். சொல்தான் தெரியவில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு பிள்ளை பின்தங்கலாமா?

இந்தச் சொற்கள் கடினமானவை அல்ல. ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலின் பெயர். செயலைப் புரிந்துகொண்டால் சொல் மனதில் நிற்கும்.

பல மொழி, ஓர் அணி

1962-ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்தில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? சுனி கோஸ்வாமி வங்காளத்தவர். ஜர்னைல் சிங் பஞ்சாபைச் சேர்ந்தவர். சந்திரசேகர் கேரளத்தவர். பிராங்கோ கோவாவைச் சேர்ந்தவர். துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரே அணியில் இத்தனை தாய்மொழிகள்!

ஓடும் ஆட்டத்தில் நீண்ட வாக்கியம் பேச நேரம் இல்லை. ஒரு சொல்தான் சொல்ல முடியும். அந்த ஒரு சொல் எல்லாருக்கும் புரிய வேண்டும். இன்றும் நம் நாட்டு அணிகளில் பல மாநிலத்தவர் சேர்ந்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சின்னச் சொற்கள் பொதுச் சொத்து.

முதல் சொல்: கிக்

கிக் என்றால் உதை. காலால் பந்தை அடிப்பது எல்லாமே கிக்தான். ஆனால் எல்லா உதையும் ஒன்றல்ல. ஓர் உதையை அறிய மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

காலின் எந்தப் பகுதி பந்தில் படுகிறது?

பந்தின் எந்த இடத்தில் கால் படுகிறது?

பந்து எங்கே போக வேண்டும்?

இந்த மூன்று கேள்விகளின் விடையை வைத்தே உதைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாதத்தின் பகுதிகள்

உட்கார்ந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள்.

பெருவிரல் இருக்கும் பக்கம் பாதத்தின் உட்பக்கம். இதற்கு இன்சைட் என்று பெயர். இந்த இடம் அகலமானது. அதனால் பந்து குறி தவறாமல் போகும். ஆனால் வேகம் குறைவு.

சுண்டுவிரல் இருக்கும் பக்கம் வெளிப்பக்கம். இதற்கு அவுட்சைட் என்று பெயர். எதிராளியை ஏமாற்றிப் பந்தைத் திருப்ப இது உதவும்.

பாதத்தின் மேல்பக்கம், காலணிக் கயிறு கட்டும் இடம், இன்ஸ்டெப். இந்த இடத்தில் எலும்பு உறுதியாக இருக்கும். பலமாக உதைக்க இதுவே ஏற்றது.

குதிகால் என்பது ஹீல். குதிகாலால் பந்தைப் பின்னால் தட்டினால் அது பேக் ஹீல். பேக் என்றால் பின்புறம்.

விரல் நுனி என்பது டோ. புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் விரல் நுனியால்தான் உதைப்பார்கள். பந்து வேகமாகப் போகும். ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நுனி சிறியது அல்லவா? கொஞ்சம் விலகினாலும் பந்து திசை மாறிவிடும். விரலும் அடிபடும். அதனால்தான் "டோ வேண்டாம், இன்ஸ்டெப்பில் அடி" என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்.

பாஸ்: பந்தைத் தோழரிடம் சேர்ப்பது

தன் அணியில் உள்ள இன்னொருவருக்குப் பந்தை அனுப்புவது பாஸ். இது கால்பந்தின் உயிர். 11 பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரே பந்தை வைத்துக்கொண்டு வெல்ல முடியாது.

பாஸில் பல வகை உண்டு.

ஷார்ட் பாஸ்: ஷார்ட் என்றால் குட்டை. பக்கத்தில் உள்ளவருக்குத் தருவது. பாதத்தின் உட்பக்கத்தால் பந்தைத் தரையோடு தள்ள வேண்டும்.

லாங் பாஸ்: லாங் என்றால் நீளம். தொலைவில் உள்ளவருக்குத் தருவது. பந்தின் அடிப்பகுதியில் கால் படும். பந்து உயர எழுந்து போகும்.

த்ரூ பாஸ்: த்ரூ என்றால் ஊடே. எதிரணியினர் இருவருக்கு நடுவே உள்ள இடைவெளியில் பந்தை அனுப்புவது. தோழர் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவர் ஓடிச் சேரும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஓடும் பேருந்தில் ஏறுபவர் பேருந்து வந்து சேரும் இடத்தைக் கணித்துத்தானே ஓடுகிறார்? அதைப் போன்றதுதான் இது.

கிராஸ்: களத்தின் ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்புவது. கிராஸ் என்றால் குறுக்கே கடப்பது. அங்கே நிற்கும் தோழர் தலையாலோ காலாலோ பந்தைக் கோலுக்குள் தள்ளப் பார்ப்பார்.

பேக் பாஸ்: பந்தைப் பின்னால் தன் அணியினருக்கே தருவது. இதில் ஒரு விதி முக்கியம். தன் அணியினர் வேண்டுமென்றே காலால் உதைத்துத் தந்த பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. இந்த விதி 1992-இல் வந்தது. அதற்கு முன் என்ன நடந்தது? வெற்றி பெறும் அணி பந்தைக் கோல்கீப்பரிடம் திரும்பத் திரும்பத் தந்து நேரத்தைக் கடத்தியது. பார்ப்பவர்களுக்குச் சலிப்பு வந்தது. விதி வந்தபின் அந்த வழி அடைபட்டது.

ஷாட்: கோலை நோக்கி அடிப்பது

கோலை நோக்கி உதைத்தால் அது ஷாட். "ஷூட்" என்றால் "கோலுக்கு அடி" என்று பொருள்.

கோலின் அகலம் 7.32 மீட்டர். உயரம் 2.44 மீட்டர். பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. அரைக் கிலோவுக்கும் குறைவுதான்.

பலமான ஷாட் அடிக்க எப்படி உதைக்க வேண்டும்? உதைக்காத காலைப் பந்தின் பக்கத்தில் ஊன்ற வேண்டும். உடல் பந்தின் மேல் கவிந்து இருக்க வேண்டும். இன்ஸ்டெப் பகுதி பந்தின் நடுவில் பட வேண்டும். உடல் பின்னால் சாய்ந்தால் பந்து கோலுக்கு மேலே பறந்துவிடும். "மேலே அடித்துவிட்டான்" என்று கூட்டம் பெருமூச்சு விடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கோல்கீப்பர் கோலை விட்டு முன்னால் வந்து நிற்கிறார். அப்போது பலமாக அடிக்கத் தேவையில்லை. பந்தின் அடியில் காலை நுழைத்து மெதுவாகத் தூக்கிவிட்டால் போதும். பந்து அவர் தலைக்கு மேலே போய்க் கோலில் விழும். இதற்குச் சிப் என்று பெயர். இன்னும் உயரமாக வளைந்து போனால் லாப் என்பார்கள்.

வானில் வரும் பந்து

பந்து எப்போதும் தரையில் இருக்காது. காற்றில் வரும் பந்தைத் தரையில் விழுவதற்கு முன்பே உதைத்தால் அது வாலி. பந்து தரையில் பட்டு எழும் அந்தக் கணத்திலேயே உதைத்தால் ஹாஃப் வாலி. ஹாஃப் என்றால் பாதி.

கோல்கீப்பர் கையில் உள்ள பந்தைக் கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும்போது உதைப்பது டிராப் கிக். டிராப் என்றால் கீழே விடுவது. தரையில் படும் முன்பே உதைத்தால் அது பன்ட்.

எல்லாரையும் வியக்க வைக்கும் உதை ஒன்று உண்டு. ஆட்டக்காரர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பந்து உயரத்தில் வருகிறது. அவர் பின்னால் சாய்ந்து துள்ளுகிறார். இரண்டு கால்களும் காற்றில் சைக்கிள் மிதிப்பது போல மாறி மாறி அசைகின்றன. தலைக்கு மேலே பந்தை உதைத்துப் பின்னால் அனுப்புகிறார். இதற்குப் பைசைக்கிள் கிக் என்று பெயர்.

கொல்கத்தா ரசிகர்கள் இதைப் பேக் வாலி என்று சொல்வார்கள். 1978-இல் மோகன் பாகான் அணிக்காக ஆடிய சியாம் தாபா, ஈஸ்ட் பெங்கால் அணிக்கு எதிராக இப்படி ஒரு கோல் அடித்தார். அந்த நகரத்து மக்கள் அதை இன்றும் பேசுகிறார்கள்.

ஒரே உதைக்கு இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்தீர்களா? ஊர்ப் பெயரும் தவறல்ல. புத்தகப் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் எச்சரிக்கை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது இப்படிக் காலைத் தூக்கினால் மற்றவர் முகத்தில் படலாம். ஆபத்தான ஆட்டம் என்று நடுவர் விசில் ஊதுவார். புதிதாகக் கற்பவர்கள் கட்டாந்தரையில் இதை முயலக் கூடாது. கழுத்திலும் முதுகிலும் அடிபடும்.

வளையும் பந்து

சில நேரம் பந்து நேராகப் போகாமல் வளைந்து போகிறது. வாழைப்பழம் வளைந்து இருக்கும் அல்லவா? அதனால் இதற்குப் பனானா கிக் என்று பெயர். பனானா என்றால் வாழைப்பழம். கர்ல் என்றும் சொல்வார்கள்.

பந்து ஏன் வளைகிறது? இதில் மந்திரம் இல்லை, அறிவியல்தான் இருக்கிறது. பந்தின் நடுவில் உதைத்தால் அது நேராகப் போகும். பக்கவாட்டில் உதைத்தால் பந்து பம்பரம் போலச் சுழன்றுகொண்டே போகும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அதனால் பந்தின் பாதை வளைகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தவர் மாக்னஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். அவர் பெயராலேயே இதை மாக்னஸ் விளைவு என்கிறார்கள்.

வலது காலின் உட்பக்கத்தால் பந்தின் வலப்புறத்தில் உதைத்துப் பாருங்கள். பந்து இடப்பக்கமாக வளையும்.

1997-இல் பிரான்சு நாட்டில் பிரேசில் அணியும் பிரான்சு அணியும் ஆடின. பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டர் தொலைவிலிருந்து உதைத்தார். இடது காலின் வெளிப்பக்கத்தால் உதைத்தார். பந்து கோலுக்கு வெளியே வெகுதூரம் விலகிப் போவது போலத் தெரிந்தது. கோலுக்கு அப்பால் நின்ற பந்து எடுக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பந்து வளைந்து வந்து கம்பத்தில் பட்டுக் கோலுக்குள் போனது. கோல்கீப்பர் அசையாமல் நின்றார்.

விதி தரும் உதைகள்

இதுவரை பார்த்தவை ஆட்டக்காரர் தாமே தேர்ந்துகொள்ளும் உதைகள். இனி, நடுவர் விசில் ஊதிய பின் உதைக்கும் உதைகளைப் பார்ப்போம். இவற்றின் பெயர்களை ஆட்டம் பார்ப்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் வீண் சண்டை வராது.

கிக் ஆஃப்: ஆட்டத்தைத் தொடங்கும் உதை. பந்து களத்தின் நடுப்புள்ளியில் இருக்கும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இப்படித்தான் ஆட்டம் மீண்டும் தொடங்கும். முன்பு பந்தை முன்னால்தான் உதைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2016 முதல் எந்தப் பக்கமும் உதைக்கலாம்.

கோல் கிக்: எதிரணியினர் காலில் கடைசியாகப் பட்ட பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. கோல் விழவில்லை. அப்போது கோலைக் காக்கும் அணிக்குக் கோல் கிக் கிடைக்கும். கோலுக்கு முன்னால் உள்ள சிறிய கட்டத்திலிருந்து உதைப்பார்கள்.

கார்னர் கிக்: கார்னர் என்றால் மூலை. கோலைக் காக்கும் அணியினர் மீது கடைசியாகப் பட்ட பந்து அவர்களுடைய கோல் கோட்டைத் தாண்டினால், எதிரணிக்கு இந்த உதை கிடைக்கும். களத்தின் மூலையில், கொடி நடப்பட்ட இடத்தில் பந்தை வைத்து உதைக்க வேண்டும். அங்கிருந்து பந்து நேராகக் கோலுக்குள் போனாலும் கோல்தான்.

ஃப்ரீ கிக்: ஃப்ரீ என்றால் தடை இல்லாதது. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் உதை. எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து சுவர் போல நிற்பார்கள். அதன் பெயரும் வால்தான். வால் என்றால் சுவர். அந்தச் சுவரைச் சுற்றிப் பந்தை அனுப்பத்தான் பனானா கிக் உதவுகிறது.

ஃப்ரீ கிக்கில் இரண்டு வகை உண்டு. இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது.

டைரக்ட் என்றால் நேரடி. டைரக்ட் ஃப்ரீ கிக்கில் பந்தை நேராகக் கோலுக்குள் அடிக்கலாம். எதிராளியைத் தள்ளுவது, தட்டிவிடுவது, பந்தைக் கையால் தடுப்பது போன்ற தவறுகளுக்கு இது கிடைக்கும்.

இன்டைரக்ட் என்றால் நேரடி அல்லாதது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் பந்து வேறு ஓர் ஆட்டக்காரர் மீது பட்ட பிறகே கோலுக்குள் போக வேண்டும். யார் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் போனால் அது கோல் ஆகாது. கோல் கிக்தான் தருவார்கள். நாம் முன்பு பார்த்த பேக் பாஸ் தவறுக்கு இதுவே கிடைக்கும். யார் மீதும் படாத ஆபத்தான ஆட்டத்துக்கும் இதுவே.

எந்த வகை என்று எப்படித் தெரியும்? நடுவரின் கையைப் பாருங்கள். இன்டைரக்ட் என்றால் அவர் ஒரு கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி வைத்திருப்பார். இது தெரியாதவர், "கோல் விழுந்தது, ஏன் தரவில்லை?" என்று நடுவரோடு சண்டைக்குப் போவார். தெரிந்தவர் அமைதியாக இருப்பார்.

தண்டனை உதை

பெனால்டி என்றால் தண்டனை. கோலுக்கு முன்னால் 16.5 மீட்டர் வரை ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. டைரக்ட் ஃப்ரீ கிக்குக்கு உரிய தவறு ஒன்றைக் கோலைக் காக்கும் அணி அந்தக் கட்டத்துக்குள் செய்தால் பெனால்டி கிக் தருவார்கள்.

பந்து கோலிலிருந்து 11 மீட்டர் தொலைவில் வைக்கப்படும். உதைப்பவரும் கோல்கீப்பரும் மட்டுமே எதிரெதிரே நிற்பார்கள். மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கோலை அடைய சுமார் 0.4 வினாடி ஆகும். கண்ணை இமைக்கும் நேரம்தான். அதனால் பல கோல்கீப்பர்கள் பந்து வரும் பக்கத்தை முன்பே ஊகித்துப் பாய்கிறார்கள்.

இந்த உதையைக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் கேட்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம். அவரே ஒரு கோல்கீப்பர்! கோலுக்கு அருகில் வேண்டுமென்றே செய்யப்படும் முரட்டுத் தவறுகளைத் தடுக்க அவர் விரும்பினார். 1891-இல் பெனால்டி கிக் விதியாயிற்று.

பெனால்டி எளிது என்று நினைக்கக் கூடாது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் போட்டியில் சுதந்திர இந்தியா முதல் முறையாக ஆடியது. எதிரணி பிரான்சு. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஆனால் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 2-1 என்று இந்தியா தோற்றது. அந்த இரண்டும் கோல் ஆகியிருந்தால் கதை மாறியிருக்கும்.

1976-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் பெனால்டி உதைகள் வரை போனது. கடைசி உதைக்கு செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா வந்தார். மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தார். பனென்கா பலமாக அடிக்கவில்லை. பந்தை மெதுவாகத் தூக்கிக் கோலின் நடுவில் போட்டார். அவர் அணி கோப்பையை வென்றது. நாம் முன்பு பார்த்த சிப் உதைதான் அது. இன்று பெனால்டியில் யார் அப்படி உதைத்தாலும் பனென்கா என்றே பெயர். ஒரு மனிதரின் பெயரே உதையின் பெயராகிவிட்டது.

வெறுங்கால் வெற்றி

சொற்கள் ஆங்கிலேயருடையவை. ஆட்டத்தை நம் மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

1911 ஜூலை 29. கொல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மோகன் பாகான். மறுபக்கம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற ஆங்கிலேயப் படைப் பிரிவின் அணி. ஆங்கிலேயர்கள் காலணி அணிந்து ஆடினார்கள். மோகன் பாகானில் ஒருவரைத் தவிர மற்ற 10 பேரும் வெறுங்காலில் ஆடினார்கள்.

முதல் கோலை ஆங்கிலேயர் அடித்தார்கள். சிவதாஸ் பாதுரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். பிறகு அவர் கொடுத்த பாஸை அபிலாஷ் கோஷ் கோலாக்கினார். 2-1 என்று மோகன் பாகான் வென்றது. அடிமை நாட்டில் மக்கள் தலை நிமிர்ந்த நாள் அது. தானே கோல் அடித்த சிவதாஸ் பாதுரி, அடுத்த கோலுக்குப் பந்தைத் தோழரிடம் கொடுத்தார். வெற்றி தந்தது ஒரு பாஸ்!

இன்று விதிப்படி காலணி கட்டாயம். காலுக்கு அது பாதுகாப்பு.

பெண்களின் களம்

கால்பந்து ஆண்களின் ஆட்டம் என்று நினைத்த காலம் இருந்தது. மணிப்பூரின் பெம்பெம் தேவி பல ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் போட்டியில் வென்றது.

இப்படிப்பட்ட பெண்கள் பலர் சிறிய ஊர்களிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டுப் பெண்ணும் அவர்களைப் போல ஆட விரும்பலாம். "பொண்ணுக்கு எதுக்குப் பந்து?" என்று தடுக்க வேண்டாம். அவள் சொல்லும் சொற்கள் நமக்குப் புரிந்தால், அவள் மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்ளலாம். "இன்னைக்கு வாலி அடிச்சேன் அம்மா" என்று அவள் சொன்னால், "தரையில படாமலா அடிச்ச?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி அவளுக்கு எவ்வளவு ஊக்கம் தரும்!

சொற்களை எப்படிப் பழகுவது?

ஒரே நாளில் எல்லாச் சொற்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நாளைக்கு 3 சொற்கள் போதும்.

முதலில் செயலைப் பாருங்கள். மைதானத்திலோ தொலைக்காட்சியிலோ பாருங்கள்.

பிறகு செய்து பாருங்கள். பந்து இல்லாவிட்டாலும் பாதத்தைத் தொட்டு இன்சைட், அவுட்சைட், இன்ஸ்டெப், ஹீல், டோ என்று சொல்லுங்கள்.

வாய்விட்டுச் சொல்லுங்கள். உச்சரிப்பு சரியில்லை என்று வெட்கப்பட வேண்டாம். வங்காளியும் மலையாளியும் பஞ்சாபியும் அவரவர் நாக்குக்கு ஏற்பத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து எழுதுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அதன் பொருள்.

கடைசியாகச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே இந்தச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே வரும். எத்தனை சொற்கள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை கூடும்.

உங்கள் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்களா? அவர்களிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கற்றுக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

விடை சொல்லுங்கள்

1. பலமாக உதைக்கப் பாதத்தின் எந்தப் பகுதி ஏற்றது? அதன் ஆங்கிலப் பெயர் என்ன?

2. வாலிக்கும் ஹாஃப் வாலிக்கும் என்ன வேறுபாடு?

3. பந்தின் வலப்புறத்தில் வலது காலின் உட்பக்கத்தால் உதைத்தால் பந்து எந்தப் பக்கம் வளையும்? ஏன்?

4. நடுவர் ஒரு கையை மேலே உயர்த்தியிருக்கிறார். ஃப்ரீ கிக் அடித்த பந்து யார் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் போகிறது. இது கோலா?

5. கோல் கிக் எப்போது கிடைக்கும்? கார்னர் கிக் எப்போது கிடைக்கும்?

6. உங்கள் ஊரில் உதைகளுக்கு என்ன பெயர்கள் சொல்கிறார்கள்? ஐந்து பெயர்களை எழுதுங்கள். அவற்றுக்கு இந்தப் பாடத்தில் உள்ள பெயர்களைப் பக்கத்தில் எழுதுங்கள்.